பக்கத்து ஊரை ஜெயிக்கணும்

காலஷீல்ஸுக்கு நான் போனது துணி படிக்க. 2017 செப்டம்பர். ஹெரியட்-வாட் பல்கலைக்கழகத்தின் தலைமையிடம் எடின்பரோ. ஆனால் அதன் ஜவுளித் துறை அங்கே இல்லை. தெற்கே ஐம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான தூரத்தில், ஸ்காட்லாந்தின் எல்லைச் சீமையில், காலஷீல்ஸ் என்கிற பழைய மில் ஊரில் இருக்கிறது. திருப்பூரில் பனியன் கம்பெனிச் சத்தத்துக்கு நடுவே வளர்ந்த எனக்கு அந்த ஊர் அந்நியமாகவே தோன்றவில்லை. ஆற்றங்கரை, மூடிக்கிடக்கும் மில்களின் கற்சுவர், ஷிஃப்ட் காலத்தைப் பற்றிய பேச்சு. கல்லூரி இருக்கும் இடத்துக்கு நெதர்டேல் என்று பெயர். கல்லூரியை ஒட்டியே காலா ரக்பி கிளப்பின் மைதானம். அதற்கும் நெதர்டேல் என்றுதான் பெயர்.

முதல் குளிர்காலத்தில் நான் வாடகைக்கு இருந்த வீட்டில் பாய்லர் நின்றுவிட்டது. ஒரு திங்கட்கிழமை பிளம்பர் வந்தார். கதவு நிலையில் பக்கவாட்டில் திரும்பித்தான் உள்ளே வந்தார், அப்படி ஒரு தோள். இரண்டு காதும் மடங்கி, பிசைந்த மாவை உருட்டி ஒட்டியதுபோல் இருந்தன. அரை மணி நேரத்தில் வேலையை முடித்துவிட்டு, "புதன்கிழமை ராத்திரி என்ன செய்யறே? கிரவுண்டுக்கு வா, மெல்ரோஸ் வர்றாங்க" என்றார். மெல்ரோஸ் என்பது பக்கத்து ஊர் என்றுகூட எனக்கு அப்போது தெரியாது. சரி, போய்த்தான் பார்ப்போமே என்று போனேன்.

ஃப்ளட் லைட் வெளிச்சத்தில் தூறல் சாய்வாக விழுந்துகொண்டிருந்தது. மரூன் சட்டையில் காலா. கறுப்பும் மஞ்சளுமாக மெல்ரோஸ். ரக்பியில் ஸ்க்ரம் என்று ஒன்று உண்டு. இரண்டு பக்கமும் எட்டு எட்டுப் பேர் தலையைக் கவிழ்த்து, தோளோடு தோள் கோத்து, எதிரணியை முட்டித் தள்ளுவார்கள். நான் நின்ற கயிற்றிலிருந்து ஐந்தடி தூரத்தில் அப்படி ஒன்று அமைந்தது. பதினாறு முதுகுகளிலிருந்தும் ஆவி கிளம்பியது, இட்லிக் கொப்பரையின் மூடியைத் திறந்ததுபோல. சேற்றுக்குள் பூட்ஸ் முள் பிடிமானம் தேடும் சத்தம். பிறகு எல்லோரும் ஒரே மூச்சில் முக்கிய சத்தம். அது காதில் கேட்டதைவிட என் நெஞ்சில் அதிர்ந்தது. முன்வரிசையில் என் பிளம்பர். எழுந்தபோது மூக்கிலிருந்து ரத்தம். புறங்கையால் துடைத்துவிட்டு ஓடினார். மறுநாள் காலை எட்டு மணிக்கு அவருக்கு யார் வீட்டிலோ வேலை இருந்திருக்கும்.

பக்கத்தில் நின்ற பெரியவர் கையிலிருந்த பிளாஸ்கை என் பக்கம் நீட்டினார். "எந்த ஊரு தம்பி?" சொன்னேன். நெசவு படிக்க வந்தவன் என்றதும் முகம் மலர்ந்தது. நாற்பது வருடம் மில்லில் தறி மெக்கானிக்காக இருந்தவராம். எங்கள் பக்கத்து மில்களில் ஜாபர் என்போம், அங்கே ட்யூனர். அந்த ஒரு பேச்சிலேயே ஒட்டிக்கொண்டோம். அடுத்த ஆறு வருடம் அந்தக் கயிற்றோரம் நான் நின்றதெல்லாம் அவர் பக்கத்தில்தான்.

அன்று அவர் சொன்ன முதல் பாடம் இது: "இது பார்டர் லீக் ஆட்டம். சனிக்கிழமை ஆடறது வேற, இது வேற. ரெண்டையும் குழப்பிக்காதே." அந்த வித்தியாசம் முழுசாகப் பிடிபட எனக்கு ரொம்ப நாள் ஆயிற்று.

பார்டர் லீக் 1901-ல் தொடங்கியது. இன்றும் நடந்துவரும் ரக்பி யூனியன், அதாவது பதினைந்து பேர் ஆடும் ரக்பியின் லீக்குகளில் உலகத்திலேயே மிகப் பழையது இதுதான். காலா, ஹாய்க், ஜெட்-ஃபாரஸ்ட், லாங்ஹோம், மெல்ரோஸ் என்று ஐந்து கிளப்கள் சேர்ந்து ஆரம்பித்தார்கள். 1912-ல் கெல்ஸோவும் செல்கிர்க்கும் சேர்ந்து ஏழாயின. ரொம்ப காலம் அந்த ஏழுதான். பின்னாளில் பீபிள்ஸ், டன்ஸ், பெரிக் எல்லாம் வந்தன. பெரிக் ஊர் இருப்பது இங்கிலாந்துக்குள், ரக்பி ஆடுவது ஸ்காட்லாந்தோடு. எல்லைச் சீமையில் அப்படித்தான்.

இந்த ஊர்களின் அளவைச் சொன்னால்தான் விஷயம் புரியும். பெரிய ஊரான ஹாய்க்கிலேயே ஏறக்குறைய 14,000 பேர்தான். மெல்ரோஸும் லாங்ஹோமும் இரண்டாயிரம் சொச்சம். நம் கணக்கில் ஒரு ஊராட்சி. காலஷீல்ஸிலிருந்து மெல்ரோஸ் ஆறேழு கிலோமீட்டர், செல்கிர்க் பத்து. எக்ஸ் 95 என்று ஒரு பஸ் எடின்பரோவிலிருந்து கார்லைல் வரை போகும். அந்த ஒரே பஸ்ஸில் உட்கார்ந்திருந்தால் காலஷீல்ஸ், செல்கிர்க், ஹாய்க், லாங்ஹோம் என்று நான்கு லீக் ஊர்கள் ஜன்னலில் வந்துவிடும். படிப்பு முடிந்து ஹாய்க்கில் ஒரு காஷ்மீர் ஸ்வெட்டர் மில்லில் வேலை கிடைத்தபோது தினமும் அந்த பஸ்தான் எனக்கு. திங்கட்கிழமை காலை பஸ்ஸில் சனிக்கிழமை ஆட்டத்தைப் பற்றித்தான் பேச்சு. தோற்ற ஊர்க்காரர்கள் ஏறும்போதே ஜெயித்த ஊர்க்காரர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

1901 என்பது ரக்பியில் லீக் என்ற சொல்லே கெட்ட வார்த்தையாக இருந்த காலம். அதற்கு ஆறு வருடம் முன்பு, 1895 ஆகஸ்டில், இங்கிலாந்தின் வடக்கே இருபதுக்கும் மேற்பட்ட கிளப்கள் ஹடர்ஸ்ஃபீல்டில் ஒரு ஹோட்டலில் கூடி, தனியாகப் பிரிந்துபோயின. சுரங்கத்திலும் மில்லிலும் வேலை செய்த ஆட்டக்காரர்கள், சனிக்கிழமை ஆட்டத்துக்காக விட்ட கூலியை ஈடுகட்டித் தரக் கேட்டார்கள். மேல்தட்டு நிர்வாகிகள் மறுத்தார்கள். அந்தப் பிளவிலிருந்து பிறந்ததுதான் ரக்பி லீக் என்ற இன்னொரு விளையாட்டு. அதன்பிறகு ரக்பி யூனியன் சங்கங்களுக்கு ஒரே பயம்: லீக் வைத்தால் போட்டி கூடும், போட்டி கூடினால் ஆள் இழுக்கக் காசு வரும், காசு வந்தால் சம்பளமில்லாமல் ஆடும் அமெச்சூர் ஆட்டம் போச்சு. அதனால் பல பத்தாண்டுகள் கிளப்கள் நட்புமுறை ஆட்டங்களையே ஆடின. இங்கிலாந்தில் நாடு தழுவிய லீக் வந்ததே 1987-ல். வேல்ஸிலும் அயர்லாந்திலும் 1990.

ஸ்காட்லாந்து சங்கம் இந்த அமெச்சூர் விரதத்தில் எல்லோரையும் மிஞ்சியது. ஜாக் வெமிஸ் கதையை எல்லைச் சீமையில் இன்றும் சொல்வார்கள். காலா ஆட்டக்காரர், 1914-ல் ஸ்காட்லாந்துக்கு ஆடியவர். முதல் உலகப்போரில் ஒரு கண் போயிற்று. 1920-ல் பிரான்ஸுக்கு எதிராக மறுபடி தேர்வானார். டிரஸ்ஸிங் ரூமில் எல்லோருக்கும் சட்டை கொடுத்தார்கள், அவருக்கு மட்டும் இல்லை. கேட்டால், உனக்குத்தான் 1914-லேயே கொடுத்தோமே என்றார்களாம். நடுவில் நான்கு வருடம் போர் நடந்ததும், ஒரு கண் போனதும் கணக்கிலேயே இல்லை. இப்படிப்பட்ட ஒரு சங்கத்தின் கீழே, மில் தொழிலாளிகள் நிறைந்த சின்ன ஊர்கள் புள்ளிப் பட்டியல் போட்டு லீக் ஆடின என்பதுதான் ஆச்சரியம். அதற்குக் காசு காரணம் இல்லை. பக்கத்து ஊரை ஜெயிக்கணும், ஜெயித்தது எழுத்தில் நிற்கணும். அவ்வளவுதான்.

அந்த வீம்பு லீக்குக்கும் முந்தியது. ஆரம்பத்தில் காலஷீல்ஸும் மெல்ரோஸும் சேர்ந்து ஒரே கிளப்பாக இருந்தன. 1877-ல் மனஸ்தாபம் வந்து பிரிந்தபோது மெல்ரோஸ்காரர்கள் ராத்திரியோடு ராத்திரியாக வந்து கோல் கம்பங்களைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்பது ஊர்க்கதை. என் பெரியவர் இதை நேற்று நடந்ததுபோலச் சொல்வார். "இன்னும் திருப்பித் தரலை, தம்பி."

அதே மெல்ரோஸில்தான் 1883 ஏப்ரல் 28 அன்று எழுவர் ரக்பி பிறந்தது. கிளப்பில் காசு இல்லை. நெட் ஹெய்க் என்ற கசாப்புக் கடைத் தொழிலாளி, ஒரே நாளில் பல அணிகளை வைத்துப் போட்டி நடத்தி டிக்கெட் வசூலிக்கலாம் என்று யோசனை சொன்னார். பதினைந்து பேர் வைத்து அப்படி ஆட முடியாது, அதனால் ஏழு. முதல் இறுதியாட்டத்தில் மோதியது யார் என்று நினைக்கிறீர்கள்? மெல்ரோஸும் காலாவும்தான். ஆட்டம் சமமாக முடிந்து, கூடுதல் நேரத்தில் மெல்ரோஸ் ஒரு ட்ரை அடித்தது, அதாவது எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்தது. அடித்த கையோடு, ஜெயித்தாயிற்று என்று மைதானத்தை விட்டு நடந்துவிட்டார்கள். 2016-ல் ரியோ ஒலிம்பிக்ஸில் ஆடிய எழுவர் ரக்பி, அந்தக் கசாப்புக் கடைக்காரரின் யோசனை. இன்றும் எல்லைச் சீமையில் பத்து ஊர்களில் வருடாவருடம் எழுவர் போட்டி நடக்கிறது.

சரி, லீக்குக்கு வருவோம். 1973 வரை பார்டர் லீக்தான் இந்த ஊர்களுக்கு எல்லாமே. தேசிய அளவில் யார் முதல் என்பதைப் பத்திரிகைகள் தாங்களாகவே கணக்குப் போட்டு வெளியிடும், அதற்கு அதிகாரபூர்வ மதிப்பு கிடையாது. 1973-74 பருவத்தில் சங்கம் இறங்கிவந்து ஆறு டிவிஷன்கள் கொண்ட தேசிய லீக்கை ஆரம்பித்தது. ஜெயித்தால் மேல் டிவிஷனுக்கு ஏறுவது, தோற்றால் கீழே இறங்குவது எல்லாம் அதில்தான். பார்டர் லீக்கில் ஏறவும் இடமில்லை, இறங்கவும் இடமில்லை. உன் ஊர் இங்கே இருக்கிறது, அதனால் நீ ஆடுகிறாய். சனிக்கிழமை தேசிய லீக்குக்குப் போயிற்று. பார்டர் லீக் வார நாள் ராத்திரிக்குத் தள்ளப்பட்டது. பெரியவர் சொன்ன வித்தியாசம் உண்டானது அப்போதுதான்.

தேசிய லீக் வந்ததால் எல்லை ஊர்களுக்கு உடனே நஷ்டம் எதுவும் இல்லை. லாபம்தான். முதல் ஐந்து பட்டங்களையும் ஹாய்க் வரிசையாக எடுத்துக்கொண்டது. 1973-74 முதல் 1996-97 வரை 24 பருவங்கள். ஹாய்க் 10, மெல்ரோஸ் 6, காலா 3, கெல்ஸோ 2. மொத்தம் 21. எடின்பரோ கிளப்களுக்குக் கிடைத்தது இரண்டு, ஸ்டர்லிங்குக்கு ஒன்று. நாட்டின் தலைநகரத்தில் பணக்காரப் பள்ளிகளின் பழைய மாணவர் கிளப்கள் எத்தனையோ இருந்தன. பதினாலாயிரம் பேர் வாழும் ஸ்வெட்டர் ஊர் அவர்களைத் தோற்கடித்துக்கொண்டே இருந்தது.

இதற்கு ஏதேதோ காரணம் சொல்வார்கள். பள்ளிக்கூடங்களில் நல்ல பயிற்சி உண்மைதான். பிபிசியின் ரக்பி வர்ணனையாளராக உலகமறிந்த பில் மெக்லாரன் ஹாய்க்கிலேயே பல வருடம் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்தவர். ஜிம் ரென்விக், கோலின் டீன்ஸ், டோனி ஸ்டாங்கர் எல்லோரும் சிறுவயதில் அவரிடம் பழகியவர்கள். பையில் எப்போதும் 'ஹாய்க் பால்ஸ்' என்ற புதினா மிட்டாய் வைத்திருந்து பார்ப்பவர்களுக்கெல்லாம் கொடுப்பாராம். அந்த மிட்டாய் இன்றும் டப்பாவில் கிடைக்கிறது. நான் ஊருக்கு வரும்போதெல்லாம் வாங்கி வருவேன். ஆனால் என் கணிப்பில் முதல் காரணம், இந்தச் சின்ன லீக். பதினெட்டு வயதுப் பையன் ஒவ்வொரு வருடமும் தன்னை நன்றாகத் தெரிந்த, தன் அப்பாவையும் தெரிந்த, தன்னைக் கீழே தள்ள வேண்டும் என்று வாரக்கணக்கில் காத்திருக்கும் ஆட்களுக்கு எதிராக ஆடுகிறான். ஆட்டம் முடிந்ததும் அவர்களோடே உட்கார்ந்து சாப்பிடுகிறான். இதைவிட நல்ல பட்டறை எங்கே கிடைக்கும்?

1984 அணியைப் பாருங்கள். ஸ்காட்லாந்து 1925-க்குப் பிறகு முதல் தடவையாக, ஐந்து நாடுகள் போட்டியில் மற்ற நான்கு நாடுகளையும் வென்று கிராண்ட் ஸ்லாம் எடுத்த வருடம். கேப்டன் ஜிம் எய்ட்கன், காலா. உதைத்துப் புள்ளி சேர்த்த பீட்டர் டாட்ஸ், அவரும் காலா. ராய் லெய்ட்லா, ஜெட்-ஃபாரஸ்ட், தொழிலில் எலக்ட்ரீஷியன். அவர் பந்தை எடுத்துக் கொடுத்தது செல்கிர்க்கின் ஜான் ரதர்ஃபோர்டுக்கு. கோலின் டீன்ஸ், ஹாய்க். ரோஜர் பேர்ட், கெல்ஸோ. கீத் ராபர்ட்சன், மெல்ரோஸ். பயிற்சியாளர் ஜிம் டெல்ஃபர், மெல்ரோஸ்காரர், பள்ளி ஆசிரியர். ஒரு மணி நேர கார் பயணத்துக்குள் அடங்கிவிடுகிற ஆறு ஊர்கள் ஒரே தேசிய அணியில். புதன்கிழமை ராத்திரிகளில் ஒருவரையொருவர் சேற்றில் புரட்டியவர்கள். 1990-ல் மறுபடி கிராண்ட் ஸ்லாம். இங்கிலாந்துக்கு எதிராக 13-7. வெற்றி தந்த ட்ரையை அடித்தவர் ஹாய்க்கின் ஸ்டாங்கர்.

1995 ஆகஸ்டில் ரக்பி யூனியன் தொழில்முறை ஆட்டமாகத் திறந்துவிடப்பட்டது. அதற்குப்பின் எல்லைச் சீமையின் மேல் நடந்த கட்டமைப்பு மாற்றங்களை வரிசையாகச் சொல்லும்போதே எனக்கு மூச்சு வாங்குகிறது. 1996-ல் வட்டார அணிகளைச் சம்பள அணிகளாக்கினார்கள், பார்டர்ஸ் அதில் ஒன்று. 1998-ல் அதை எடின்பரோவோடு இணைத்துவிட்டார்கள். 2002-ல் மறுபடி பிரித்து உயிர் கொடுத்து, நெதர்டேலிலேயே ஆட வைத்தார்கள். 2007-ல் சங்கத்தின் கடன் சுமையைக் காரணம் காட்டிக் கலைத்தார்கள். பதினோரு வருடத்தில் ஒரு அணி இரண்டு முறை பிறந்து இரண்டு முறை செத்தது. பெரியவர் அந்த அணிக்கு சீசன் டிக்கெட் வைத்திருந்தவர். அதைப் பற்றி மட்டும் அதிகம் பேசமாட்டார்.

நான் இருந்த காலத்தில் வந்தது சூப்பர் 6. கிளப் ஆட்டத்துக்கும் முழுநேரத் தொழில்முறை ஆட்டத்துக்கும் நடுவே பள்ளம் பெரிதாகிவிட்டது, ஒரு பாலம் வேண்டும் என்றது சங்கம். ஆறு கிளப்களைத் தேர்ந்தெடுத்துப் பாதிச் சம்பள அணிகளாக்கி, 2019-ல் தனிப் போட்டி தொடங்கினார்கள். அதில் ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. எல்லைச் சீமைக்கு ஒரே ஒரு இடம். அது மெல்ரோஸுக்குப் போயிற்று, சதர்ன் நைட்ஸ் என்ற புதுப் பெயரில். மெல்ரோஸின் அமெச்சூர் அணி தனியாக, வேறு வரிசையில்.

பாலம் வேண்டும் என்ற வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. இருபது வயதில் திறமையுள்ள பையன் சனிக்கிழமை கிளப் ஆட்டத்திலிருந்து நேராகத் தேசிய அணிக்குத் தாவ முடியாது. ஆனால் பாலம் கட்டக் கல்லை எங்கிருந்து எடுத்தார்கள்? கிளப்களிலிருந்துதான். காலாவிலும் செல்கிர்க்கிலும் ஆடிய நல்ல பையன்கள் நைட்ஸுக்குப் போனார்கள். போனவனைக் குறை சொல்ல யாராலும் முடியாது. போன இடத்தை நிரப்ப இரண்டாம் அணியிலிருந்து ஒருவன் மேலே வந்தான். இரண்டாம் அணிக்கு ஆள் குறைந்தது. வெள்ளிக்கிழமை ராத்திரி கிளப் செயலாளர் போனைக் கையில் வைத்துக்கொண்டு, "நாளைக்கு ஒரு ஆள், ஒரே ஒரு ஆள்" என்று கெஞ்சுவதை நானே பக்கத்தில் இருந்து கேட்டிருக்கிறேன். முதல் அணி தோற்றால் ஊர் வருத்தப்படும். இரண்டாம் அணி ஆட்டம் ரத்தானால் கிளப்பில் பத்து பேர் குறைவார்கள், அவர்களின் குழந்தைகளும் வராமல் போவார்கள்.

நடுவில் கோவிட் வந்து ஒரு பருவமே இல்லாமல் போயிற்று. சூப்பர் 6 பின்னர் சூப்பர் சீரிஸ் என்று பெயர் மாறி, 2024-ல் நிறுத்தப்பட்டது. ஐந்து வருடம். பார்டர் லீக்குக்கு அப்போது வயது 123.

இதற்கிடையில் 2023-ல் ஹாய்க், அமெச்சூர் கிளப்களின் மேல் டிவிஷனான தேசிய பிரீமியர்ஷிப்பை வென்றது, 21 வருடத்துக்குப் பிறகு. அப்போது நான் அங்கே வேலையில் இருந்தேன். திங்கட்கிழமை மில்லில் லிங்கிங் பிரிவில், கண்ணில்கூடத் தெரியாத கண்ணிகளை ஒவ்வொன்றாக ஊசியில் கோக்கும் பெண்கள், மெஷின் பக்கத்தில் ஹாய்க்கின் நிறமான பச்சையில் ரிப்பன் கட்டியிருந்தார்கள். ஒருவரின் மகன் அணியில் இருந்தான். அன்று அவர் பக்கத்தில் போய் நின்று பேசாதவர் யாருமில்லை. சூப்பர்வைசர் முதல் ஆளாகப் போனார்.

தூரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அமெச்சூர் லீக்கின் கட்டமைப்பு கடைசியில் தூரத்தில்தான் வந்து நிற்கிறது. தேசிய டிவிஷன்களில் ஆடும் எல்லைக் கிளப் ஒரு சனிக்கிழமை அபர்டீனுக்குப் போக வேண்டியிருக்கும். ஹாய்க்கிலிருந்து போக மட்டும் நான்கு மணி நேரம் பஸ். காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் வீடு திரும்ப நள்ளிரவு. மாட்டுப்பண்ணை வைத்திருப்பவன், சனிக்கிழமை காலைக் கடை திறப்பவன், கைக்குழந்தை உள்ளவன் இவர்களெல்லாம் முதல் வருடம் வருவார்கள், இரண்டாம் வருடம் யோசிப்பார்கள், மூன்றாம் வருடம் பூட்ஸைக் கழற்றி ஆணியில் மாட்டிவிடுவார்கள். லாங்ஹோமை நினைத்தால் எனக்கு மனசு கனக்கிறது. 1871-ல் தொடங்கிய, எல்லைச் சீமையின் மூத்த கிளப். 1958-59-ல் பத்திரிகைகள் போட்ட தேசியப் பட்டியலில் முதலிடம் வந்த கிளப். இரண்டாயிரம் சொச்சம் பேர் உள்ள ஊர். மில் வேலை போயிற்று, வாலிபர்கள் நகரத்துக்குப் போனார்கள், அணி பிரிவு பிரிவாகக் கீழே இறங்கியது. அவர்களுக்கு மிகப் பக்கத்து எதிரியான ஹாய்க்கே 37 கிலோமீட்டர் தள்ளி. தேசியப் பட்டியலில் அவர்களும் ஹாய்க்கும் சந்திக்கவே முடியாது. சந்திக்க வைக்கக்கூடிய ஒரே ஏற்பாடு பார்டர் லீக்.

இங்கிலாந்துச் சங்கம் இந்தத் தூரப் பிரச்சினையைக் கொஞ்சம் கவனித்தது. 2022-ல் அமெச்சூர் டிவிஷன்களை மாற்றியமைத்தார்கள். நேஷனல் 2 என்ற டிவிஷன் இரண்டு வட்டாரங்களாக இருந்தது, மூன்றானது. அதற்குக் கீழே நான்காக இருந்தவை ஆறு வட்டாரப் பிரிவுகளாயின. கீழ்ப்பிரிவுகளில் பெரும்பாலும் 14 அணிகளுக்குப் பதில் 12. ஆட்டம் குறைந்தது, பயணம் குறைந்தது, உடம்புக்கு ஓய்வு வாரம் கிடைத்தது. அங்கேயும் முணுமுணுப்பு இருந்தது. வீட்டு ஆட்டம் குறைந்தால் பார் வருமானம் குறையும், கிளப்பின் கரண்ட் பில்லைக் கட்டுவது அந்த வருமானம்தான். ஆனாலும் யாருக்காக லீக் என்ற கேள்வியை அவர்கள் சரியான பக்கத்திலிருந்து கேட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

ஒரு வருடம் பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது மாமா கேட்டார்: "ஏம் மாப்ள, சம்பளமே இல்லாம மண்டைய உடைச்சுக்கறானுங்களா? எதுக்கு?" "நம்மூர் நோம்பிக்குக் கபடி ஆடறாங்கள்ல, அதுமாதிரிதானுங்க மாமா" என்றேன். மாமா சிரித்துவிட்டு உடனே பழைய கதைக்குப் போய்விட்டார். அவரும் ஒரு காலத்தில் கைப்பிடிக்கிற ஆள். பக்கத்து ஊர் டீமிடம் தோற்ற ராத்திரி, தோற்ற புள்ளி எத்தனை என்பதை நாற்பது வருடம் கழித்தும் சொன்னார். 2014-ல் புரோ கபடி வந்ததில் நம் பக்கத்துப் பையன்கள் சிலருக்கு நல்ல வழி கிடைத்தது. அதில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் ஃபோகஸ் லைட் கட்டி, மண்ணைக் கொத்தித் தண்ணீர் தெளித்து, பக்கத்து ஊர் டீமை மைக்கில் கூப்பிடும் அந்த ஏற்பாடு இல்லாமல் அந்தப் பையன் எங்கிருந்து வருவான்?

காலஷீல்ஸில் ஆறு வருடம் நின்று பார்த்ததில் எனக்கு ஒன்று தெளிவாயிற்று. மேலே உள்ளவர்கள் கட்டமைப்பை மாற்றும்போதெல்லாம் தேசிய அணிக்கு என்ன வேண்டும் என்று தொடங்கிக் கீழே வருகிறார்கள். கீழே வந்து சேரும்போது மிச்சம் இருப்பதுதான் சின்ன ஊருக்கு. திருப்பிப் போட்டுப் பார்க்கலாம். முதலில் ஒவ்வொரு ஊருக்கும் வருடத்தில் இத்தனை பக்கத்து ஊர் ஆட்டங்கள் கட்டாயம் என்று நாள் குறித்துவிடட்டும். அந்த நாட்களில் வேறு எந்த ஆட்டமும் வேண்டாம், சம்பள அணிக்குப் போனவனும் அன்று ஊருக்கு வந்து ஆடட்டும். மிச்ச சனிக்கிழமைகளில் ஏறுங்கள், இறங்குங்கள், பாலம் கட்டுங்கள். பார்டர் லீக் இன்று காலண்டரில் கிடைத்த இடுக்கில் ஆடப்படுகிறது. மற்ற ஆட்டங்கள் மழையில் தள்ளிப்போனால் முதலில் வெட்டுப்படுவது இதுதான். பருவம் முடிவதற்குள் எல்லா ஆட்டமும் ஆடி முடிக்கத் திணறுகிறார்கள். அந்த ஊர்களின் ஆட்டத்தை உண்டாக்கியதே இந்த லீக்தான். காலண்டரில் முதலில் எழுத வேண்டியதும் இதைத்தான்.

இதைப் பெரியவரிடம் சொன்னபோது தலையாட்டினார். "நல்லாத்தான் யோசிக்கறே. ஆனா அதை முடிவு பண்றவங்க இந்தக் கயித்துக்கிட்ட நிக்கறதில்லையே தம்பி."

2023 கடைசியில் நான் திருப்பூருக்குத் திரும்பிவிட்டேன். கிளம்புவதற்கு முந்தின வாரம் பிளம்பரைப் பார்த்தேன். ஆடுவதை நிறுத்திவிட்டார், முழங்கால். இப்போது எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு ஞாயிறு காலை பயிற்சி கொடுக்கிறார். அதில் ஒரு பையன், கல்லூரியில் பாடம் எடுக்கும் ஒரு தமிழரின் மகன். பந்தைக் கையில் வாங்கியதும் எதிரே யார் நிற்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் ஓடுகிறானாம். "அதை மட்டும் நான் சொல்லித் தரலை" என்றார்.

பெரியவர் ஒவ்வொரு ஆகஸ்டிலும் கிளப்பின் ஆட்ட அட்டவணை அட்டையைத் தபாலில் அனுப்புகிறார். உள்ளங்கை அளவு, மடிக்கிற அட்டை, மரூன் நிறம். சனிக்கிழமை ஆட்டங்கள் அதில் அச்சாகி இருக்கும். பார்டர் லீக் தேதிகள் பெரும்பாலும் பிறகுதான் முடிவாகும் என்பதால் அந்த இடம் காலியாக வரும். தெரிந்த தேதிகளை மட்டும் அவர் பேனாவால் எழுதி அனுப்புவார். இந்த வருடம் வந்ததில் மூன்று ராத்திரிகள் எழுதியிருந்தன, கை நடுங்கிய எழுத்தில். மெல்ரோஸ் என்று எழுதிய இடத்துக்குக் கீழே இரண்டு கோடு இழுத்து, பக்கத்தில் சின்னதாக இரண்டு கோல் கம்பம் வரைந்திருக்கிறார்.